கோடையிலயே குழு கடன் வேணும்

ஆசிரியருக்கு வணக்கம். ஊட்டியில கையால பின்னுன ஸ்வெட்டர், குல்லா விக்கிற சின்ன கடை எங்களோடது. மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு வர்ற கூட்டத்துக்கு வித்துக்கிட்டே டிசம்பர் லீவுக்கும் பின்ன ஆரம்பிச்சாதான் உண்டு, பெரியவங்க ஸ்வெட்டர் ஒண்ணு வீட்டு வேலைக்கு நடுவுல முடிக்க ரெண்டு மூணு வாரம் ஓடிடும், மிஷின் சரக்கு மாதிரி ஒரே நாள்ல வராது. உல்லன் நூலையும் ஒரே சாய லாட்ல (ஒரே தடவையில சாயம் ஏத்துன நூலா) மொத்தமா எடுத்துடணும், பாதியில தீந்துபோய் வேற லாட் வாங்குனா முதுகு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடுன்னு பளிச்சுனு தெரியும். ஆனா சீசன்ல வந்த காசு ஜூன்ல ஸ்கூல் ஃபீஸுக்கே போயிடுது. மகளிர் குழு கடன தீபாவளி வரைக்கும் இழுக்காம கோடையிலயே குடுத்தா பின்னுற பொம்பளைங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும். வாங்குறவங்களும் இப்பவே அளவு சொல்லி கொஞ்சம் அட்வான்ஸ் குடுங்க.

— ஒரு கடைக்காரம்மா, ஊட்டி