யாரும் தங்கத்தப் பாக்கல

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன இதழ்ல 'நட்சத்திரத்தில் தங்கம் கண்டுபிடிப்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டிய. நான் டவுன் ரத வீதிப் பக்கம் சின்னதா நகைப் பட்டறை வச்சிருக்கேன். அதப் படிச்சிட்டு ஒரு ஆச்சி, பேத்தி வளையலுக்குக் குடுத்த அட்வான்ஸத் திருப்பிக் கேக்காவ, வெல இறங்கட்டும் பெறவு பாப்போம்னு.

மேட்டர் என்னன்னா நீங்க எழுதுன ரெட்டிகுலம்-2ங்கது 2015ல கண்டுபிடிச்ச குட்டி கேலக்ஸி, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஒளியாண்டு தூரம், சாதா நட்சத்திரமெல்லாம் அங்க ரொம்ப மங்கலாத்தான் தெரியும், அதனால வெளிச்சம் கூடுன ராட்சச நட்சத்திரமாப் பொறுக்கி சிலி நாட்டு மெகல்லன் டெலஸ்கோப்ல 9 பாத்தாவ, அதுல 7ல கனமான தனிமங்க ஏகத்துக்கு இருந்துச்சு. ஆனா பாத்தது யூரோப்பியம், பேரியம் மாதிரி சரக்கு. தங்கம் இல்ல. நட்சத்திர வெளிச்சத்துல தங்கத்த அடையாளம் காட்டுத முக்கியமான கோடெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட்ல விழும், அத நம்ம காத்து மண்டலமே மறிச்சிரும்.

கேரட் மெஷின்ல மோதிரத்த வச்சா எக்ஸ்ரே பட்டு தங்கம் ஒரு விதமா, செம்பு ஒரு விதமா பதில் சொல்லும்லா, சொரண்டாமலே மாத்து தெரிஞ்சிரும். அங்கயும் ஏறக்குறைய அந்தக் கததான். நட்சத்திர வெளிச்சத்தப் பிரிச்சா நடுநடுவ கறுப்புக் கோடு, யூரோப்பியத்துக்கு 412.9 நானோமீட்டர்ல ஒண்ணு, அது எவ்வளவு ஆழம்னு பாத்து அளவு சொல்லுதாவ. ஆனா நட்சத்திரத்தோட சூடு எவ்வளவுன்னு தெரியாம கோட்ட மட்டும் நம்புனா கணக்கு தப்பிரும், பக்கத்துல மச்சம் (மாத்து தெரிஞ்ச மாதிரித் தங்கம்) வைக்காம உரைகல்லுல உரசுன மாதிரி. இதப் பத்தி ஒரு வரி இல்ல, எனக்கு அதான் வருத்தம்.

இன்னொண்ணு, 'உலோகம் நிறைந்த நட்சத்திரங்கள்'னு வேற எழுதியிருக்கிய. வானியல்காரங்களுக்கு ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மிச்சம் எல்லாமே மெட்டல்தான், கார்பன் ஆக்சிஜன்கூட (எங்க ஆசாரிமாருட்ட சொன்னா அடிக்க வருவாவ). அந்தக் கணக்குல இதுக ஏழ, சூரியன்ல இருக்க இரும்புல நூத்துல ஒரு பங்குகூடத் தேறாது. அப்படிப்பட்ட வீட்டுல யூரோப்பியம் மட்டும் எப்படிக் கொட்டிக் கெடக்குங்கதுதான் ஆச்சரியமே, ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் (பெரிய நட்சத்திரம் வெடிச்சு இறுகிப்போன மிச்சம்) மோதியிருக்கலாம்ங்காவ, அப்படி மோதுனா தங்கமும் சேந்து உண்டாகும், அதனால அங்க இருக்கும்னு நம்பலாம். இருக்கும்ங்கதும் பாத்தோம்ங்கதும் ஒண்ணா? நான் பில்லுல அப்படி எழுதிக் குடுத்தா நீங்க விடுவியளா?

அடுத்த இதழ்ல ஓரமா ஒரு திருத்தம் போடுங்க. ஆச்சிகிட்ட காட்டணும், அட்வான்ஸ் இன்னும் எங்கிட்டதான் இருக்கு.

ஒரு பட்டறைக்காரன்,
திருநெல்வேலி டவுன்