கால் கழுவிய தண்ணீர்

கால்வே, அயர்லாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். கம்பளிக் காலுறை போட்டுத்தான் தூங்குகிறேன், கவலைப்படாதே.

முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் ஒரு பாட்டி இருக்கிறார் என்றேனே, அரன் தீவுக்காரர், 90 தாண்டியவர். தினமும் படுக்கும் முன் வெந்நீரில் கால் கழுவிவிடுவேன். அகலமான பாதம், விசிறி மாதிரி விரிந்த விரல்கள். சின்ன வயதில் மே மாதம் தொடங்கிக் குளிர் வரும்வரை வெறுங்கால்தானாம். தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை; அதில் ஓடி வளர்ந்த கால்.

பெரியவர்கள் போட்டது 'பம்பூட்டி' என்கிற செருப்பு. பதனிடாத மாட்டுத்தோலை, மயிர் வெளியே தெரிய வெட்டி, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மீன்பிடிக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். காய்ந்தால் விறைத்துக் காலை அறுக்கும். அதனால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஈரத்தோடேயே மாட்டிக்கொள்வார்கள். வழுக்குப் பாறையில் அந்தப் பிடிமானம் வேறெதிலும் வராது என்று இன்றும் அடித்துச் சொல்கிறார். அவருடைய அம்மா எதிர்க்கரையில், கனமாராவில் பிறந்தவர். அங்கே பூட்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். தேயக்கூடாதே என்று கையில் தூக்கிக்கொண்டு நடந்து, தேவாலயம் கண்ணில் பட்டதும் போட்டுக்கொள்வாராம்.

அப்புறம், கால் கழுவிய தண்ணீர். அது ராத்திரி வீட்டுக்குள் இருக்கவே கூடாது. இருந்தால் வெளியே இருட்டில் உலவுகிற மாய மனிதர்களுக்குக் கதவைத் திறந்துவிடும். அவர்களைப் பெயர் சொல்ல மாட்டார், 'நல்லவர்கள்' என்பார். ஒரு கதையும் சொன்னார். நடுராத்திரியில் சூனியக்காரிகள் வாசலில் நின்று, "கால் தண்ணீரே, கதவைத் திற" என்கிறார்கள். "முடியாது, நான் தரையில் சிந்திக் கிடக்கிறேன்" என்றதாம் தண்ணீர். சொல்லும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் பெரியவர்களிடம் பழங்கதைகள் கேட்டு எழுதிய நோட்டுகளை இந்த நாட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சிலவற்றைப் படித்தேன், ஊர் ஊராக இதே பேச்சு.

முதலில் நான் குளியலறையிலேயே ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். பாட்டிக்குத் தூக்கமே வராது. மூன்று ராத்திரி கழித்துத்தான் காரணம் புரிந்தது, மனசு சங்கடமாகிவிட்டது. இப்போது பின்கதவைத் திறந்து புல்லில் கொட்டுகிறேன். நேற்று திரும்பி வந்ததும், "கொட்டும் முன் குரல் கொடுத்தாயா? இருட்டில் அவர்கள் யாராவது போய்க்கொண்டிருப்பார்கள், மேலே பட்டுவிடும்" என்றார்.

இன்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கொட்டினேன், "தள்ளிக்கோங்க" என்று.

உன் மகள்