ரிமோட்டில் வசந்தத்துக்கும் ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இணையவழிப் படங்களும் தொடர்களும் தரும் ஓடிடி தளங்கள் வந்தபிறகு, சிங்கப்பூரின் உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களை யார் பார்க்கிறார்கள் என்று எங்கும் ஒரே புலம்பல். தரம் போதாது என்கிறார்கள் சிலர். சில தொடர்கள் இழுவைதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல நாடகமும் கண்ணில் படாமல் போகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது விற்கும் டிவிகளின் ரிமோட்டைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸுக்குத் தனிப் பொத்தான், பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று தளங்களுக்கு. டிவியைப் போட்டால் முகப்பிலும் அவையே வரிசை கட்டி நிற்கின்றன. இதெல்லாம் தற்செயலாக அமைவதில்லை. டிவி நிறுவனங்களுக்கும் தளங்களுக்கும் இடையிலான வியாபாரம். நம் தமிழ் ஒளிவழியான வசந்தத்தின் நிகழ்ச்சிகளோ, பொதுச்சேவை ஒளிபரப்பாளரான மீடியாகார்ப்பின் மீவாட்ச் செயலியில் இலவசமாகக் கிடக்கின்றன. அந்தச் செயலியைத் தேடிப் பிடித்து, தரவிறக்கி, அப்புறம் அதற்குள் தமிழ்ப் பகுதி எங்கே என்று துழாவ வேண்டும். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியால் இது ஆகிற காரியமா? 2008இல் வசந்தம் தனி ஒளிவழியானபோது எண்ணை அழுத்தினால் போதும், படம் வந்துவிடும்.

நம் அரசாங்கம் ஓடிடியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2018இலேயே இத்தளங்களுக்கென உள்ளடக்க விதிகளைக் கொண்டு வந்தது. வயது வகைப்பாடு வேண்டும், 21 வயதுக்கு மேற்பட்டோருக்கானவற்றைக் கடவு எண் போட்டுப் பூட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. 2020 முதல் வெளிநாட்டுத் தளங்களின் சந்தாவுக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறோம். இன்று அது 9 விழுக்காடு. அடுத்ததாக, உள்ளூர் நிகழ்ச்சிகள் திரையில் எங்கே நிற்கின்றன என்பதையும் கவனிக்கலாமே.

கனடாவைப் போல இத்தளங்களிடம் பணம் வசூலிக்கலாம் என்பார்கள். அங்கே ஆண்டுக்கு 2.5 கோடி கனடிய டாலரும் அதற்கு மேலும் ஈட்டும் வெளிநாட்டுத் தளங்கள் அந்த வருமானத்தில் 5 விழுக்காட்டை உள்ளூர் ஊடகங்களுக்காகத் தர வேண்டும் என்று 2024இல் உத்தரவு வந்தது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. நம்மூர் சிறிய சந்தை. இங்கே அப்படி வசூலித்தாலும் தமிழுக்கு என்ன மிஞ்சும் என்பது எனக்குச் சந்தேகம்தான். சந்தாவை ஏற்றி நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது.

நமக்கு ஒத்துவரக்கூடியது பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் எடுத்த வழி. பிரிட்டனில் பொதுச்சேவை ஒளிபரப்பாளர்களின் செயலிகளுக்கும், ஆஸ்திரேலியாவில் இலவச ஒளிபரப்பாளர்களின் செயலிகளுக்கும் இணையத்தோடு இணையும் டிவிகளில் எளிதில் தெரியும் இடம் தரவேண்டும் என்று இரு நாடுகளும் 2024இல் சட்டம் செய்தன. யாருடைய சந்தாவும் இதனால் ஏறப்போவதில்லை. உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு நம் வரிப்பணம் போகிறது. அது மக்கள் கண்ணில் பட வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

முகப்பில் வைத்தாலும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்வோர் இருப்பார்கள். சரி, முதலில் வைத்துப் பார்ப்போம். அப்போதும் ஆள் வராவிட்டால் நாடகக்காரர்களைத் தாராளமாகத் திட்டலாம். பழைய பெட்டிகளைத் தொட வேண்டாம். இனி இங்கே விற்பனைக்கு வரும் புதிய டிவிகளில் மீவாட்ச்சை முகப்பின் முதல் வரிசையில் வைக்கவும், அதில் தமிழுக்கு நேரடி வழி அமைக்கவும் ஆணையம் விதி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகர்