இறால்மேல் போட்ட பழி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் கண் ஆபரேஷன் ஒரு சாக்கு, நிஜக் காரணம் சோம்பல். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. தொட்டிக் கண்ணாடியில் படிந்திருக்கும் பாசியும் சேர்ந்து தெரிவதுதான் வம்பு.

நீயும் கடல் தண்ணீர் தொட்டி வைத்துவிட்டாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ஹாஸ்டல் அறையில் நான் இரண்டு தங்கமீன் வைத்திருந்தபோது, "தண்ணி மாத்துறதே பொழப்பாப் போச்சுடா உனக்கு" என்று கிண்டலடித்தவன் நீ. இப்போது இறால் விட்டால் நத்தைகளைத் தின்றுவிடுமா என்று பயந்து கேட்கிறாய்.

பெரும்பாலும் தின்னாது. இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் அந்தப் பழியை நானே ஒருமுறை போட்டவன், அதனால் கதையையும் கேள்.

என்னிடம் ஒரு க்ளீனர் இறால் இருக்கிறது. சிவந்த முதுகின் நடுவே வெள்ளைக்கோடு, நீள நீளமாய் வெள்ளை மீசை. ஒருநாள் காலை விளக்கைப் போட்டுப் பார்த்தால், அஸ்ட்ரேயா நத்தை ஒன்றின் ஓட்டுக்குள் தலையை நுழைத்துக் கிழித்துத் தின்றுகொண்டிருக்கிறது. இரண்டு நாளில் இன்னொரு நத்தை, அதே காட்சி. கோபத்தில் இறாலைப் பிடித்து, தொட்டிக்குள்ளேயே ஒரு வலைப்பெட்டியில் அடைத்துவிட்டேன். அது பெட்டிக்குள் இருக்கும்போதே மூன்றாவது நத்தையும் செத்தது.

அப்புறம்தான் தண்ணீரைச் சோதிக்கத் தோன்றியது. நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துத்தான் உப்பைக் கணக்கிடுவோம். அது 1.025-இல் இருக்க வேண்டியது, 1.031 காட்டியது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டிய இடத்தில், நான் மாதக்கணக்காக உப்புக் கரைசலையே ஊற்றியிருக்கிறேன்! படித்தவன் செய்கிற காரியமா இது? சோர்ந்துபோன நத்தை பிடி நழுவி மணலில் மல்லாந்து விழும். அஸ்ட்ரேயாவுக்குத் தானாகப் புரண்டு எழத் தெரியாது, அப்படியே கிடந்து சாகும். வாசனை பிடித்து இறால் வந்திருக்கிறது. யோசித்தால் அது செய்தது உபகாரம். செத்த நத்தை அழுகினால் அம்மோனியா ஏறி மற்றதையும் கொல்லும்.

உப்பை ஒரே நாளில் இறக்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த இறால் ஒரு நத்தையையும் தொடவில்லை.

ஆனால் எல்லா இறாலுக்கும் நான் ஜாமீன் நிற்க மாட்டேன். க்ளீனர், பெப்பர்மின்ட் இரண்டும் சாது. தொட்டியில் களைபோல் முளைக்கும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியைப் பெப்பர்மின்ட் தின்னும், நாம் கொட்டும் தீனிக்குப் பழகிவிட்டால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது வேறு விஷயம். வாங்கும்போது பெப்பர்மின்ட் என்று ஏமாந்துவிடாதே, முதுகு கூன் விழுந்து வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பது ஒட்டக இறால், அது பவளங்களைப் பிய்க்கும். சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் நீண்ட கொடுக்குகளுமாய் அழகு காட்டுகிற கோரல் பேண்டட் வேண்டாம். மற்ற இறால்களை விட்டுவைக்காது, பசித்தால் சின்ன நத்தையிலும் கைவைக்கும். பிஸ்டல் இறாலும் அப்படித்தான், வெடிபோல் கொடுக்கைச் சொடுக்கியே இரை பிடிக்கிற ஜாதி.

உண்மையில் நத்தைக்கு எமன் துறவி நண்டு. பேர்தான் துறவி, அடுத்தவன் வீட்டின்மேல்தான் கண். நத்தையின் ஓடு மனசுக்குப் பிடித்துவிட்டால் உள்ளே குடியிருப்பவனைக் கொன்றுவிட்டுக் குடியேறும். வைத்தே ஆக வேண்டுமென்றால் காலி ஓடுகளைப் பல அளவில் போட்டுவை.

நத்தையில் ட்ரோக்கஸ் வாங்கு. விழுந்தாலும் தானே புரண்டு எழும். டர்போ பாசியை வழித்துத் தின்னும், ஆனால் புல்டோசர், ஒட்டாத பவளத்தையெல்லாம் தள்ளிவிடும். எனக்குப் பிடித்தது நசாரியஸ். நாள் முழுக்க மணலுக்குள் புதைந்து, தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தீனி விழுந்ததும் நாலைந்து சேர்ந்தாற்போல் மணலைப் பிளந்து கிளம்பும். பாதி வழி வருவதற்குள் இறால் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். இவர்களுக்குள் இருக்கிற சண்டை அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும் பையிலிருந்து நேரே கொட்டிவிடாதே. தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரமாவது பழக்கு. மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, இறாலும் நத்தையும் பிழைக்காது. ஒருநாள் இறால் செத்து மிதக்கிறது என்று பதறுவாய். தொட்டுப் பார், அது உரித்துப்போட்ட வெறும் சட்டையாக இருக்கும். புது ஓடு இறுகும்வரை ஒன்றிரண்டு நாள் பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும், தேடித் தொந்தரவு செய்யாதே.

இப்போதெல்லாம் தொட்டிக்குள் கைவிட்டால் என் இறால் விரலில் ஏறி நகக்கண்ணைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. பெட்டியில் அடைத்த கை அதுதான் என்பது ஞாபகமில்லை போலும்.

உன் தொட்டி எத்தனை லிட்டர், உப்பு எவ்வளவு காட்டுகிறது, இரண்டையும் எழுது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை இறால் வாங்காதே. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை, அதையும் எழுது.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்