இரண்டு கதவா, நான்கு கதவா?

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய இரண்டு கார்களின் படங்களையும் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு கதவுள்ள 2001 ஹோண்டா ப்ரீலூடைப் பார்த்ததும் "இதையே வாங்கச் சொல்" என்றார். அவருக்கு ஸ்டெப்னி மாற்றக்கூடத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள் நான். நான் சொல்வதைக் கேள்.

எண்களை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ப்ரீலூடுக்கு 200 குதிரைத்திறன், நான்கு கதவுள்ள 2019 ஹோண்டா அக்கார்டின் 1.5 லிட்டர் டர்போவுக்கு 192. ஆனால் ப்ரீலூடில் அந்த 200 முழுதாகக் கிடைக்க இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு ஏற வேண்டும். 5,000ஐத் தாண்டியதும் விடெக் என்ற அமைப்பு வேலை செய்ய ஆரம்பித்து, வால்வுகளைக் கூடுதல் உயரத்துக்குக் கூடுதல் நேரம் திறக்கும். இன்ஜின் சத்தமே மாறிவிடும். உனக்கு அந்தச் சத்தத்தின் மேல்தான் கண் என்று தெரியும். அக்கார்டுக்கு 1,600 சுற்றிலேயே முழு இழுவை வந்துவிடுகிறது. கொலம்பஸில் ஆபீஸ் விடும் நேரத்து நெரிசலில் எந்தச் சாலையில் 7,000க்கு ஏற்றப் போகிறாய்? அக்கார்டின் சிவிடி, அதாவது கையால் கியர் மாற்ற வேண்டாத கியர்பாக்ஸ், பத்தியச் சாப்பாடு மாதிரிதான், மறுக்கவில்லை.

டிசம்பரில் வீட்டுக்குக் குழந்தை வருகிறது. குழந்தை இருக்கையை மாட்டும் கீழ்க்கொக்கிகள் அமெரிக்காவில் 2002 செப்டம்பரிலிருந்துதான் கட்டாயம். 2001 காரில் சீட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டலாம், சரியாகக் கட்டினால் அதுவும் பாதுகாப்புதான். ஆனால் முன்சீட்டை மடக்கி, இடுப்பை வளைத்து உள்ளே நுழைந்து, பின்பக்கம் பார்த்த இருக்கையில் பச்சைக் குழந்தையைப் படுக்க வைத்து வார் மாட்ட வேண்டும். அதுவும் பனி கொட்டும்போது, பிரசவமான உடம்போடு. நித்யாவிடம் கேட்டாயா? உதவிக்கு வரும் நான் எங்கே உட்காருவேன் என்றாவது யோசித்தாயா?

கார் வழுக்கினால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு நேராக்கும் ஈஎஸ்சி, அங்கே 2012 மாடலிலிருந்து கட்டாயம். ப்ரீலூடில் அது இல்லை. அக்கார்டில் அதுவும் உண்டு, எதிரே தடை இருந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் உண்டு. கை பழகியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்பாய். என்னிடம் லைசென்ஸ் வாங்கிப்போன எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆகவே இப்போது அக்கார்டை வாங்கு. ப்ரீலூடை மறந்துவிடு என்று சொல்லமாட்டேன். அதே பெயரில் இப்போது வந்திருக்கும் ஹைபிரிட்டில் கிளட்ச் மிதியே கிடையாது. உனக்கு வேண்டியது பழையதில்தான் இருக்கிறது. கையில் பணம் சேர்ந்தபிறகு இரண்டாவது காராக, கோடைக்கு மட்டும் வைத்துக்கொள். குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு அதை அரித்துவிடும். பார்க்கப் போகும்போது பின்சக்கர வளைவின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார். பெயின்ட் கொப்பளமாகத் தட்டுப்பட்டால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய ரசீதைக் கேள். அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து இன்ஜினே போய்விடும். அக்கார்டில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ப்ரீலூடின் இன்ஜின் ஆயிலும் குடிக்கும், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் பேரம் பேசாதே.

நீ போகும் முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பு. ஆறின இன்ஜினை நீயே ஸ்டார்ட் செய்து, பின்னால் ஆயில் எரியும் நீலப்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரசீது கிடைத்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அப்பாவுக்கு அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா