எண்ணிக்கை ஏறிய பிறகும் காத்திருப்பது ஏன்

நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் பேத்தியின் வெள்ளணு எண்ணிக்கை சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தேன், மனம் நிறைந்தது. ஆனால் மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். முப்பது வருடம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த ஆண்டு வேண்டாம். எண்ணிக்கை ஏறினாலும், கூட்டத்தில் தொற்றும் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது.

அந்த எண்ணிக்கையை முதலில் ஏற்றுவது பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகைதான். லீஷ்மன் சாயமிட்ட ஸ்லைடில் அதன் உட்கரு மெல்லிய இழையால் கோத்த மூன்று நான்கு மடல்களாக ஊதா நிறத்தில் தெரியும். வளர்ந்தவர் உடலில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உருவாகும் இவை மஜ்ஜையிலேயே முதிர்வதால், சிகிச்சையில் செலுத்திய மூலச்செல்கள், அதாவது இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் தாய்ச்செல்கள், மஜ்ஜையில் வேர்பிடித்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் திரும்பிவிடுகின்றன.

கிருமிகளை இனங்கண்டு தாக்கும் இன்னொரு வெள்ளணு வகையான டி செல்லின் வழி நீளமானது. அதன் முன்னோடிச் செல் மஜ்ஜையில் பிறந்தாலும், இரத்தத்தோடு போய் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில்தான் முதிர வேண்டும். அந்தச் சுரப்பியின் அருமை, பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை அகற்றிப் பார்த்த ஆராய்ச்சியாளர் ஜாக் மில்லர் 1961-இல் எழுதிய பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளை மாற்றிக் கோத்துத் கிருமியை அடையாளம் காணத் தனக்கென ஓர் ஏற்பியை அமைத்துக்கொள்கிறது. இப்படிக் கோப்பது தற்செயலாக அமைவதால் சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் உருவாகும், அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. எதற்கும் உதவாதவையும் மடிகின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. இப்படிப் போதுமான டி செல்கள் சேர மாதக்கணக்கில் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. மற்றொரு வெள்ளணு வகையான பி செல் மஜ்ஜையிலேயே உருவானாலும், கிருமியைப் பிடிக்கும் நல்ல எதிர்ப்புரதம் சுரக்கப் பெரும்பாலும் டி செல்லின் துணை வேண்டும். கைக்குழந்தையில் போட்ட தடுப்பூசிகள் தந்த பாதுகாப்பு சிகிச்சையில் பெருமளவு அழிந்துபோவதால் அவற்றைத் திரும்பப் போடச் சொல்வார்கள், அதற்கும் சில மாதம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் விளையில் பால் வெட்டிய ரப்பர் மரம் ஒருநாள் இடைவெளியில் மீண்டும் பால் தந்துவிடும். புதிதாக நட்ட கன்று வெட்டுப் பருவத்துக்கு வர ஏழு வருடம் பொறுக்கிறீர்கள் அல்லவா?

ஆறுதலான செய்தியும் உண்டு. தைமஸ் வயதோடு சுருங்கும் உறுப்பு. நமக்குக் கொழுப்பேறிப் போனது, குழந்தைகளிடம் பெரிதாக வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த முறை போகும்போது டி செல்களில் ஒரு முக்கிய வகையான சி.டி.4 செல்களின் எண்ணிக்கை எவ்வளவு, தடுப்பூசிகளை எப்போது தொடங்குவார்கள் என்று மருத்துவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். கொடைக்கு நான் போய்ப் பிரசாதம் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்