பணம் வேண்டாம், நீ வா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நான் இங்கே செய்கிற தொண்டு வேலைக்காக மலேசியாவில், கிள்ளானில், நம் பழைய தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், எவ்வளவு அனுப்பட்டும், யார் பெயருக்கு அனுப்பட்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்பாதே. அனுப்பினாலும் நான் சேர்ந்திருக்கிற இந்தச் சின்னத் தொண்டுக் குழுவால் வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமென்றால் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய உள்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் அனுமதி வாங்க வேண்டும். பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இங்கே இருப்பது ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு பீரோ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கணக்கு எழுதுகிற ஒரு பெண், கூப்பிட்டால் வருகிற சில இளைஞர்கள். அவ்வளவுதான். ஆனால் உன்னிடம் வேறொன்று கேட்கப் போகிறேன். கடைசிவரை படி.

நான் இருப்பது மதுரை மாவட்டத்தில் மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டிப் பக்கம். 1895-இல் பெரியாறு அணை திறந்ததிலிருந்து மேலூர் வயல்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. எங்கள் ஊர்களுக்கு அந்த வாய்க்கால் எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயில், அதாவது ஊர் ஏரியில், நின்றால் நெல். நிற்காவிட்டால் வீட்டுக்கு ஒருவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ மூட்டை கட்டுகிறார்கள். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதும் இதே காரணத்துக்காகத்தான் என்று அப்பா சொல்வார். 1938-இல் கூலி வேலைக்கு மலாயா போவதை இந்திய அரசு தடுத்தது, அதற்குச் சில வருடம் முன்னால் அவர் போய்விட்டார். இன்றைக்குப் பஸ் ஏறுகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைப்புதான் வருகிறது. அதனால்தான் பள்ளிக்கூடம், மருத்துவ முகாம் என்று எத்தனையோ வேலை இருந்தும் கண்மாய் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வந்த நாளில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எந்த வகையறா?" என்பதுதான். தாத்தா பெயரைச் சொன்னதும் ஒரு அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. ஆனால் அதே கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊர்ப் பொது மந்தையில் கூட்டம் போட்டால் காலனி ஆட்கள் ஓரமாகத்தான் நிற்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அதனால் தலைமையாசிரியர் கண்மாய்க் கூட்டத்தை எப்போதும் பள்ளிக்கூட வளாகத்தில்தான் வைக்கிறார். அங்கே எல்லாருக்கும் ஒரே பாய். ஊர்த் தலைவரான அம்பலகாரர் முதலில் வரவே மாட்டேன் என்றாராம், இப்போது வருகிறார். இதற்குப் பல வருடம் பிடித்திருக்கிறது. எந்த நன்கொடையாலும் இதை வாங்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

தூர்வாருவது பெரிய காரியம் இல்லை, தெரியுமா? வண்டல் அள்ள வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-இல் அரசு எளிதாக்கிவிட்டது. விவசாயிகளே டிராக்டர் கொண்டுவந்து வயலுக்கு அள்ளிப் போகிறார்கள். சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் மழை பெய்யும், கண்மாய் அப்படியே காய்ந்து கிடக்கும். ஏனென்றால் தண்ணீர் வருகிற வழி செத்துக் கிடக்கிறது.

அந்த வரத்துக்காலை முழுக்க நடந்து பார்த்தோம். கூட வந்தவர் பழைய நீர்பாய்ச்சி. மடை திறக்க, அடைக்க, வயலுக்கு வயல் தண்ணீர் விட அவர்தான் ஆள். கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக வரும். இப்போது நெல்லும் இல்லை, கூலியும் இல்லை, ஆனாலும் எந்த மடைக்கு எத்தனை வயல் என்று விரல் மடக்காமல் சொல்கிறார். மேல்கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியாக வழிந்தால்தான் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர். அந்தக் கலிங்கில் மணல் மூட்டை அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறார்கள். மேலூர்க்காரர்களைச் சொல்லவில்லை, மேலே உள்ள ஊர்க்காரர்களைச் சொல்கிறேன். அவர்களைக் கேட்டால், "எங்க கண்மாய் ரொம்பாம உங்களுக்கு எப்படி விடுறது?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தலைமையாசிரியர் அந்த ஊர் டீக்கடைக்கு வாரம் தவறாமல் போய் உட்கார்கிறார். சண்டைக்குப் போகவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார். மூட்டையில் இரண்டு வரிசையை எடுக்க இப்போது சம்மதித்திருக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் ஒரு தார்ச் சாலை. வரத்துக்கால் அதற்கு அடியில் குழாய் வழியாகப் போக வேண்டும். குழாய் இருக்கிறது, மண் அடைப்பும் இல்லை. பிறகு ஏன் தண்ணீர் வரவில்லை? எங்களுக்குப் பிடிபடவே இல்லை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்து, பக்கத்துப் பனைமரத்தில் இடுப்பு உயரத்தில் இருந்த சேற்றுக் கறையைக் காட்டினார். "போன கார்த்திகையில தண்ணி இது மட்டும் நின்னுச்சு. குழாய்ல கொஞ்சம் போல கசிஞ்சுச்சு. மிச்சமெல்லாம் அந்தப் புஞ்சைக்குள்ள போயிருச்சு" என்றார். குனிந்து பார்த்தால் குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு உயரம்? ஒரு முழம் என்கிறார் நீர்பாய்ச்சி, அரை முழம் என்கிறார் ஒரு பையன். கண் அளவுக்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை.

மனு கொடுத்தோம். மட்டம் அளந்த வரைபடம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதையும் எந்த அலுவலகத்துக்குக் கொடுப்பது என்பதே ஒரு பாடம். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவான கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. எங்களுடையது ஒன்றியம், மேல்கண்மாய் நீர்வளத் துறை, நடுவில் சாலை வேறொரு துறை. மூன்று பேரையும் ஒரே இடத்தில் நிற்க வைக்க, மறுத்துப் பேச முடியாத ஒரு வரைபடம் வேண்டும்.

இப்போது புரிந்திருக்கும், எதற்காக உனக்கு எழுதுகிறேன் என்று. நில அளவையில் இத்தனை வருடம் வெயிலில் நின்றவன் நீ. மேல்கலிங்கிலிருந்து எங்கள் கண்மாய் வரை மட்டம் எடுத்து, குழாய் எவ்வளவு இறங்க வேண்டும் என்று தாளில் போட்டுக் கொடு. கணக்கு எழுதுகிற அந்தப் பெண்ணுக்கும் இரண்டு பையன்களுக்கும் கருவியைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போ. அடுத்த ஊர் வரத்துக்காலை அவர்களே அளந்துகொள்வார்கள். படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள், கையில் ஒரு தொழிலும் ஆகும்.

சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்காமல் ஒரு மாதம் வரை தொண்டு வேலை செய்ய இடமுண்டு. விண்ணப்பத்தில் அதையே எழுது, மறைக்காதே. ஐப்பசி பிறந்துவிட்டால் அடைமழையில் மட்டம் எடுக்க முடியாது, அதனால் ஆவணியிலேயே வரப் பார். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக விமானம் இருக்கிறது. திருச்சியில் மதுரை பஸ் ஏறு, ஆனால் கொட்டாம்பட்டியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள். சில வண்டிகள் பைபாஸிலேயே போய்விடும். கருவியைச் சுமந்து வராதே, மதுரையில் வாடகைக்குப் பேசி வைக்கிறேன். தங்க நான் இருக்கிற வீட்டிலேயே இடம் இருக்கிறது. சாப்பாடு அந்த அப்பத்தா பொறுப்பு, காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

சேர்த்த பணத்தைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கே கொடுத்துவிடச் சொல். வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முடிந்தால் அவரையும் அழைத்து வா, அழகர்கோவில் பக்கத்தில்தான் இருக்கிறது. தேதி முடிவானதும் எழுது.

உன்
பழைய தோட்டத்து நண்பன்